கூட்டக் குறிப்பில் இறங்கிய ட்ரோன்

ட்ரோன் நாற்பத்திரண்டு அடி உயரத்தில், தூங்குமூஞ்சி மரத்தின் கிழக்குக் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. செல்வா லாக்கப்பில், போலீஸ் கொடுத்த ஊதா நிறச் சட்டையோடு, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். அது இறங்கினால்தான் இவன் எழுந்து வெளியே வர முடியும்.

வேலை சின்னதுதான். ஒரு நீளக் கம்பு, ஒரு கொக்கி, பத்து நிமிடம். ஆனால் மரம் நின்ற இடம் சிம்பாங் ரெங்கம் சாலை பதினோராம் கட்டை வேலாயுதர் ஆலயம். அந்த ஆலயத்துக்கு ஒரு நிர்வாகக் குழு இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆலய வாசலில் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் வாசுகி, செல்வாவின் மனைவி. குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. அன்றைக்கு விடுப்பு. அடுத்து இறங்கியவன் கனகராஜ், கல்யாண வீடியோக்காரன், ட்ரோனுக்குச் சொந்தக்காரன். மூன்றாவதாக அர்ச்சுனன். செம்பனைத் தோப்பில் குலை அறுக்கிறவர். வேன் கூரையில் அவருடைய அலுமினியக் கம்பு படுத்திருந்தது. நுனியில் இருந்த அரிவாளைக் கழற்றிவிட்டு, துணி சுற்றிய கொக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அர்ச்சுனன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "என் கம்பு முப்பத்தாறு அடி. கையைத் தூக்கினா நான் ஏழு. போதும் தங்கச்சி. காத்து நின்னதும் எறக்கிடலாம்."

"நிறுத்துங்க" என்றது ஒரு குரல்.

ஆலயச் செயலாளர் மதிவாணன். கையில் ஒரு கோப்பு, சட்டைப்பையில் மூன்று பேனா.

"யார் அனுமதி கொடுத்தா?"

"அனுமதி கேக்கத்தாண்ணே வந்தோம்" என்றாள் வாசுகி.

"வாயால கேக்கறது அனுமதி கேக்கறதுல சேராதுமா. எழுத்துல சுராட் வேணும்."

வாசுகி கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தலைவருக்குன்னு எழுதியிருக்கீங்க. செயலாளர் வழியா தலைவருக்குன்னு இருக்கணும்."

வேன் பானெட்டின் மேல் வைத்து மறுபடி எழுதிக் கொடுத்தாள். அவர் வாங்கி, உள்ளே போய், 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்திக்கொண்டு வந்தார்.

"இப்ப இது செயலாளர் பார்வைக்குப் போகும்."

"நீங்கதானேண்ணே செயலாளர்?"

"ஆமா. நான் படிக்கணும் இல்லையா?"

அப்படி அவசரமாக அந்த ட்ரோன் ஏன் வேண்டும்? அதற்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் போக வேண்டும்.

ஞாயிறு மாலை திருவிழா. ஊர்வலம் போய்த் திரும்பிய ஐந்தடி வெள்ளி வேலை மஞ்சள் துணியில் சுற்றி, மேடைக்குப் பின்னால் இருந்த மேசையில் வைத்தார்கள். மறுநாள் காலை பூசைக்குப் பார்த்தால் வேல் இல்லை. உடனே தலைவர் சதாசிவம் போலீசில் புகார் கொடுத்தார். ஆறு நாற்பதுக்கு மேடைக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமிலிருந்து நீளமாக ஏதோ ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவன் செல்வா என்பது புகார். செல்வா எடுத்துப் போனதும் உண்மை, மஞ்சள் துணியும் உண்மை. உள்ளே இருந்தது ட்யூப் லைட்டுகள். அவன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக்குச் சும்மா வந்து விளக்குப் போட்டுக் கொடுப்பான். சும்மா வந்தவனைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள்.

"அவரு மாட்டின லைட்டு ஜெனரேட்டர் பக்கத்துல இன்னும் எரியுது" என்று வாசுகி திங்கட்கிழமையே சொல்லிப் பார்த்தாள்.

"எல்லா லைட்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்" என்றார் தலைவர்.

திங்கள் மதியம் கைது. அன்று மாலையே ஆலய வாட்சப் குழுவில் அறுநூற்று முப்பது பேருக்குச் செல்வாவின் படம் போனது. 'வேல் திருடியவர் பிடிபட்டார். நிர்வாகத்தின் துரித நடவடிக்கை.' அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் மகள் லோஷினியின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அந்தப் பிள்ளையை அவளுடைய அம்மா வேறு வரிசைக்கு மாற்றச் சொல்லிவிட்டாளாம்.

ஞாயிறு ஆறரையிலிருந்து ஏழு மணி வரை ஆலய வளாகம் முழுவதையும் மேலிருந்து பார்த்த ஒரே கண் கனகராஜின் ட்ரோன். அது கீழே இறங்கவே இல்லை. டத்தோ பட்டம் வாங்கிய சிறப்பு விருந்தினரின் கார் கிளம்பியபோது, "காரைப் பெரிய ரோடு வரைக்கும் தொடர்ந்து எடு" என்று செயலாளர் உத்தரவு போட்டார். ட்ரோன் காரைத் தொடர்ந்தது. நடுவில் மரம் இருந்தது.

"போன்ல மங்கலா கொஞ்சம்தான் பதிவாகும் அக்கா. முழு வீடியோ மேலே கார்டுலதான் இருக்கு" என்றான் கனகராஜ்.

போலீஸ் நிலையத்தில் சார்ஜன் நேராகவே பேசினார். வீடியோவைக் கொண்டுவந்தால் அந்த நிமிடமே பார்ப்பேன், இல்லையென்றால் வெள்ளி காலை ஒன்பதுக்கு நீதிமன்றம், குற்றச்சாட்டு என்றார். குற்றச்சாட்டு என்றால் ஜாமீன். ஜாமீன் என்றால் கடப்பிதழை ஒப்படைக்க வேண்டும். கடப்பிதழ் இல்லாமல் சிங்கப்பூர்ப் பாலம் தாண்ட முடியாது, பாலம் தாண்டாவிட்டால் வேலை இல்லை.

வெள்ளி காலை ஒன்பது. வாசுகியின் தலைக்குள் அந்த நேரம் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பத்தே நிமிஷம். நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க" என்றாள் மதிவாணனிடம்.

"சாமி மரம்மா இது. மஞ்சள் துணி கட்டியிருக்கு பாருங்க. அனுமதி இல்லாம ஒரு இலை உதிர்ந்தாலும் நிர்வாகம்தான் பதில் சொல்லணும். அதுவும் போக, கீழே விழுந்து யாருக்காச்சும் அடிபட்டா? பாதுகாப்பு முக்கியம்."

"பாதுகாப்பா எறக்கத்தான் நான் வந்திருக்கேன். இருபது வருஷமா தலைக்கு மேல இருக்கிறதைத்தான் எறக்கிட்டு இருக்கேன்" என்றார் அர்ச்சுனன்.

மதிவாணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சான்றிதழ் இருக்கா?"

அர்ச்சுனன் கம்பை மறுபடி வேன் கூரையில் கட்டினார்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு நிர்வாகக் குழுவின் அவசரக் கூட்டம். வாசுகியைப் பார்வையாளராக உட்கார அனுமதித்தார்கள். பார்வையாளர் பேசக்கூடாது என்பது விதி. அதை முதலில் வாசித்துக் காட்டினார்கள்.

முதலில் இறைவணக்கம். பிறகு தலைவருரை. பிறகு முந்தைய கூட்டக் குறிப்பு வாசிப்பு. முந்தைய கூட்டம் திருவிழா பற்றியது. அதில் துணைத்தலைவருக்குப் போட்ட மாலை தலைவருக்குப் போட்ட மாலையைவிட நீளமாக இருந்ததாக ஒரு புகார். அது நாற்பது நிமிடம் ஓடியது. கடைசியில் மாலை அளக்க ஓர் உபக்குழு அமைத்தார்கள்.

ஆறு மணிக்கு ட்ரோன் பற்றிய பேச்சு வந்தது.

"ஸ்டோர் ரூமை முழுசாத் தேடிப் பார்த்தாச்சா?" என்று ஓர் உறுப்பினர் நியாயமாகக் கேட்டார்.

"தேடுறதுக்குத் திங்கட்கிழமையே உபக்குழு போட்டாச்சு" என்றார் செயலாளர்.

"தேடினாங்களா?"

"உபக்குழு இன்னும் கூடலை."

கேட்டவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

தலைவர் சதாசிவம் எழுந்தார். எழுந்து நின்றால் உட்கார மாட்டார் என்று பெயர் எடுத்தவர்.

"இது சாதாரண ட்ரோன் இல்ல. நம்ம ஆலயத்தோட அறுபத்தெட்டு வருஷ வரலாற்றுல முதன்முதலா மாட்டின ட்ரோன். இதை ஒரு குலை அறுக்கிறவர் வந்து கம்பால தட்டி எறக்கிட்டுப் போயிட்டா, நாளைக்கு சமுதாயம் என்ன கேக்கும்? நிர்வாகம் என்ன செஞ்சிச்சுன்னு கேக்கும். நாம என்ன பதில் சொல்றது? ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல முடியுமா? அதனால இதை ஒரு விழாவா எடுக்கணும். பாதுகாப்பு விழிப்புணர்வு விழா. டத்தோ வரணும்."

கை தட்டினார்கள்.

வாசுகி எழுந்தாள். விதி அவளுக்கு நினைவிருந்தது. "தலைவரே, வெள்ளிக்கிழமை காலையில என் வீட்டுக்காரரைக் கோர்ட்ல நிறுத்திடுவாங்க. எனக்கு விழா வேணாம். அந்தக் கார்டு மட்டும் போதும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார்.

"உங்க வேதனை எங்களுக்குப் புரியுதும்மா. புரியலைன்னா ஒரே வாரத்துல ரெண்டு உபக்குழு போடுவோமா?"

டத்தோவுக்குப் போன் போட்டார்கள். சனிக்கிழமைதான் நேரம் இருந்தது. பிறகு தகவல் வந்தது: வியாழன் மூன்று மணிக்கு டத்தோ திறந்து வைக்க வேண்டிய கார் கழுவும் கடைக்கு இன்னும் தண்ணீர்க் குழாய் வரவில்லை, அந்த நேரம் காலி. இப்படியாக ஒரு மனிதனின் மானம் ஒரு கார் கழுவும் கடையின் குழாயால் தப்பிக்கப் பார்த்தது.

வியாழன் மூன்று மணி. வாசுகி கணக்குப் போட்டாள். மூன்றிலிருந்து மறுநாள் ஒன்பது வரை பதினெட்டு மணி நேரம்.

வியாழக்கிழமை ஆலய வளாகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் இருபதடிப் பதாகை. 'ஆளில்லா விமான பாதுகாப்பு மீட்புப் பெருவிழா.' டத்தோவின் முகம் ஒரு மேசை அளவு. தலைவர் முகம் ஒரு தட்டு அளவு. மற்ற பதினோரு பேர் வட்ட வட்டமாக, சாஸர் அளவு. ட்ரோன் படம் போட இடம் போதவில்லை. மூலையில் ஒரு பயணிகள் விமானத்தின் படம் கிடைத்ததை ஒட்டியிருந்தார்கள்.

பந்தலைப் பார்த்த அர்ச்சுனன் அதிர்ந்து போனார். "தங்கச்சி, இங்க வந்து பாரு."

தொங்கும் ட்ரோனுக்கு நேர் கீழே, மேலே துணி போடாமல் தோரணம் மட்டும் கட்டிய பந்தல். பந்தலுக்கு நடுவில் முக்கியப் பிரமுகர்களுக்கான சிவப்பு சோபா.

"அண்ணே, அதுக்குக் கீழே யாரும் உக்காரக்கூடாது. பேட்டரி இருக்கு அதுல. விழுந்து நசுங்கினா தீப்பிடிக்கும்" என்றான் கனகராஜ் செயலாளரிடம்.

"நிழல் அங்கதான் இருக்கு தம்பி" என்றார் மதிவாணன்.

பாதுகாப்புத் தலைக்கவசங்கள் பதின்மூன்று வந்திருந்தன. டத்தோவுக்கு வெள்ளை, தலைவருக்கு மஞ்சள், மற்றவர்களுக்கு நீலம். அர்ச்சுனனுக்கு இல்லை. "பட்டியல்ல உங்க பேர் இல்லையே" என்று சொல்லிவிட்டார்கள். மரத்தில் கை வைக்கப்போகிற ஒரே ஆள் அவர்தான்.

டத்தோ நான்கு ஐம்பதுக்கு வந்தார். மேளம், மாலை, பொன்னாடை, தட்டு. குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு பாதுகாப்பு உறுதிமொழி. எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி, தலைக்கு மேல் ட்ரோன் ஊசலாட, பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு என்று மூன்று முறை சொன்னார்கள். மூன்றாவது முறை காற்று அடித்தது. ட்ரோனிலிருந்து உடைந்த இறக்கை ஒன்று கழன்று தலைவரின் மஞ்சள் தலைக்கவசத்தின் மேல் டொக்கென்று விழுந்தது. அவர் அதை வரவேற்பின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு கைகூப்பினார்.

டத்தோ மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு இந்த ஆலயம் புதுசு இல்ல. போன ஞாயித்துக்கிழமைகூட வந்தேன். மாலை போட்டீங்க, பொன்னாடை போட்டீங்க, நினைவுப் பரிசு கொடுத்தீங்க. நான் இன்னைக்கு மனசு விட்டு ஒரு விஷயம் சொல்றேன். இருபது வருஷமா எனக்கு வந்த எந்தப் பரிசையும் நான் பிரிச்சதே இல்ல. பிரிச்சா ஒண்ணு பெருசாத் தெரியும், ஒண்ணு சிறுசாத் தெரியும். சமுதாயத்துல பேதம் வந்துடும். அதனால எல்லாத்தையும் கட்டுப் பிரிக்காம என் ஆபிஸ்ல அடுக்கி வச்சிருக்கேன். உங்க அன்பு என்னைச் சுத்தி நிக்குது. இப்ப நாலு நாளா ஆபிஸ்ல என்னவோ ஒரு வாடை. ஏர்கானை ரெண்டு தடவை கழுவிட்டாங்க, போகலை. அந்த நிலைமையிலயும் நான் ஆபிஸ் போறேன். ஏன்? சேவை."

பலத்த கைதட்டல்.

"இந்த ட்ரோன் நமக்கு ஒரு பாடம். உயரத்துக்குப் போறது பெருசில்ல. உயரத்துல மாட்டிக்கிட்டவங்களைக் கை கொடுத்து இறக்கி விடறதுதான் தலைமைத்துவம். என்னை யாரும் இறக்கி விட முடியாது. ஏன்னா நான் இன்னும் ஏறிக்கிட்டே இருக்கேன்."

ஐந்து நாற்பது. கிழக்கே மேகம் கருத்துக்கொண்டிருந்தது. வாசுகி மேடை ஓரத்துக்குப் போய்த் தலைவரின் காதருகில் குனிந்தாள்.

"தலைவரே, மழை வரப்போவுது. எறக்கச் சொல்லுங்க."

"அதுதாம்மா அடுத்தது" என்றார் அவர் புன்னகையோடு.

அடுத்தது நடந்தது. மைக் அறிவித்தது: "இப்போது டத்தோ அவர்கள் தம் பொற்கரங்களால் ட்ரோனை மீட்டெடுப்பார்."

இரண்டு பேர் ஒரு வெள்ளித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தட்டில் ஒரு ட்ரோன். அட்டையில் வெட்டி, ஜிகினாத்தாள் ஒட்டி, நான்கு மூலையிலும் காகித விசிறி வைத்தது. பந்தலின் குறுக்குக் கம்பியில் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். டத்தோ கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். அட்டை ட்ரோன் தட்டில் விழுந்தது. மேளம் கொட்டியது. பதின்மூன்று தலைக்கவசங்களும் தட்டைச் சுற்றி நெருங்கிப் படம் எடுத்துக்கொண்டன. மாதிரிக் காசோலையை நீட்டி நீட்டிப் பழகிய கைகளுக்கு மாதிரி ட்ரோன் ஒன்றும் கஷ்டமாக இல்லை.

வாசுகிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"இது அட்டை" என்றாள்.

"அடையாளம்மா" என்றார் தலைவர்.

"நெஜ ட்ரோன் மேலே தொங்குது. அண்ணாந்து பாருங்க. உங்க தலைக்கு மேலேயே தொங்குது."

"டத்தோவுக்கு நேரமாச்சு."

டத்தோ போனார். மேளம் போனது. கேசரியும் தேநீரும் தீர்ந்தபின் கூட்டமும் போனது. பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். மதிவாணன் மட்டும் மேசையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பை எழுதி முடித்தார். தலைவர், துணைத்தலைவர், செயலாளர் மூவரின் கையெழுத்தும் முன்பே விழுந்திருந்தது.

வாசுகி அவர் எதிரில் வந்து நின்றாள். கத்தலாம் என்றுதான் வந்தாள். குறிப்பின் கடைசி வரி தலைகீழாகக் கண்ணில் பட்டது. 'மாலை 5.52க்கு ட்ரோன் முழுப் பாதுகாப்புடன் மீட்கப்பட்டது. விழா இனிதே நிறைவுற்றது.'

கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, ட்ரோன் எறங்கிடுச்சா?"

"எறங்கிடுச்சு. மூணு கையெழுத்து விழுந்தாச்சு."

"அப்ப மரத்துல இப்ப என்ன இருக்கு?"

மதிவாணன் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். பிறகு குறிப்பைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். அறுபத்தெட்டு ஆண்டு நிர்வாகத்தில் எந்தச் செயலாளருக்கும் இப்படி ஒரு சோதனை வந்ததில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றார் கடைசியில்.

"ஒண்ணும் இல்லாததை எடுக்க சுராட் வேணுமா?"

"இல்லாததுக்கு எப்படிம்மா சுராட் கொடுக்கறது? யார் பேருக்கு?"

"சரிண்ணே" என்று எழுந்தாள் வாசுகி. வேன் பக்கம் திரும்பி, "அர்ச்சுனண்ணே, கம்பை எடுங்க."

அர்ச்சுனன் முதலில் கம்பை எடுக்கவில்லை. மரத்திலிருந்து கம்பின் நீளத்துக்கு ஒரு வட்டம் நடந்தார். "இதுக்குள்ள யாரும் வரக்கூடாது. செயலாளர் ஐயா, நீங்களும்தான்." பந்தல்காரர்களிடம் கித்தான் ஒன்றை வாங்கி, மரத்தில் ஒரு பக்கமும் வேனில் மறுபக்கமுமாகச் சாய்வாகக் கட்டினார். கனகராஜ் ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். மின்கம்பி எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை என்று இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அர்ச்சுனன் கனகராஜின் பழைய மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கம்பைத் தூக்கி, காத்திருந்தார்.

"என்னண்ணே?" என்றாள் வாசுகி.

"காத்து."

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இலைகள் நின்றன. கொக்கி மேலே போய் ட்ரோனின் காலில் மாட்டியது. அவர் இழுக்கவில்லை. மெல்லக் கிளையை ஆட்டினார். மாட்டிக்கொண்டிருந்த இறக்கை விடுபட்டது. ட்ரோன் சாய்ந்து, கித்தானில் விழுந்து, சறுக்கிக்கொண்டு கனகராஜின் கைக்கு வந்தது. அவன் முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றி மணல் வாளியில் வைத்தான். இரண்டாவதாகக் கார்டை எடுத்தான்.

மொத்தம் பதினோரு நிமிடம். முதல் மழைத்துளி விழுந்தபோது நான்கு நாளில் முதன்முறையாக வாசுகி அழுதாள்.

எதிர்ப்புறம் ஆதம் பாயின் உணவகம். மூலை மேசையில் கனகராஜ் மடிக்கணினியைத் திறந்தான். ஆதம் பாயே தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

ஆறு நாற்பது. செல்வா மஞ்சள் பொட்டலத்தோடு ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வருகிறான். நேராக ஜெனரேட்டர் பக்கம் நடக்கிறான். துணியைப் பிரிக்கிறான். நான்கு ட்யூப் லைட்டுகள். ஒவ்வொன்றாக மாட்டுகிறான். மேலிருந்து பார்க்கச் சின்ன உருவம். ஆனால் சட்டை, நடை, குனிந்து நிமிர்வது எல்லாம் அவன்தான்.

"போதும் அக்கா. இது போதும்" என்றான் கனகராஜ்.

"இரு தம்பி. மேடையைப் பெருசாக்கு" என்றாள் வாசுகி.

மேடைக்குப் பின்னால் மேசையில் மஞ்சள் துணி சுற்றிய நீளப் பொட்டலங்கள் இரண்டு. ஒன்று டத்தோவுக்குக் கொடுக்கச் செய்த பித்தளை வேல். மற்றது சாமியின் வெள்ளி வேல். ஊர்வலத்தில் அதன் நுனியில் குத்திய எலுமிச்சம்பழம் துணிக்கு வெளியே பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் பூசைவரை அந்தப் பழத்தை எடுக்க மாட்டார்கள்.

செயலாளர் மதிவாணன் வருகிறார். காதில் போன். பார்க்காமலே ஒரு பொட்டலத்தை எடுத்து ரிப்பன் கட்டுகிறார். நுனியில் எலுமிச்சம்பழம். தலைவர் சதாசிவம் அதை இரண்டு கையாலும் வாங்கி டத்தோவிடம் நீட்டுகிறார். பெரிய மனிதருக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பது மரியாதை. அதனால் மேடையில் இருந்த ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பதின்மூன்று பேரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். யாரும் கையைப் பார்க்கவில்லை.

"அலமாக்" என்றார் ஆதம் பாய் மெதுவாக. "டத்தோ மைக்ல சொன்ன அந்த வாடை எலுமிச்சம்பழமா?"

யாரும் சிரிக்கவில்லை. வாசுகியின் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

"எல்லாரும் பாக்க, மேடையில, மேளம் கொட்டி அவங்களே தூக்கிக் கொடுத்திருக்காங்க" என்றாள். "ஒரு ஓரமா நின்னு ட்யூப் லைட்டு மாட்டினவரு திருடன்."

சார்ஜன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அன்று மாலையே பார்த்தார், இரண்டு முறை பார்த்தார். மறுநாள் எட்டு மணிக்கு டத்தோவின் அலுவலகத்தில், நானூறுக்கும் மேற்பட்ட நினைவுப் பரிசுகளுக்குள், அழுகிய எலுமிச்சையோடு வேல் கிடைத்தது. பித்தளை வேல் ஆலய ஸ்டோர் ரூமில், குடைகளுக்குப் பின்னால், மஞ்சள் துணி பிரிக்காமல் நின்றது. அந்த அறையைத் தேட வேண்டிய உபக்குழு அதுவரை கூடவில்லை.

வெள்ளி காலை எட்டே முக்காலுக்குச் செல்வா வெளியே வந்தான். வாசுகி அவனிடம் போனைக் கொடுத்தாள். போர்மேன் புதன்கிழமையே அனுப்பிய செய்தி: மூன்று நாள் தகவல் இல்லை, வேறு ஆள் போட்டாச்சு, பொருட்களை எடுத்துக்கொண்டு போகவும்.

செல்வா அதை இரண்டு முறை படித்தான். "புதன்கிழமையா?"

"ம். அவங்க மாலை அளந்துட்டு இருந்த நேரம்."

சனிக்கிழமை மதிவாணன் வீட்டுக்கு வந்தார். கையில் அழைப்பிதழ். ஞாயிறு மாலை 'வெள்ளி வேல் காணிக்கைப் பெருவிழா.' டத்தோ அவர்கள் ஆலயத்துக்கு ஐந்தடி வெள்ளி வேல் வழங்குகிறார். பீடத்தில் அவர் பெயரைப் பொறிக்கக் கொடுத்தாகிவிட்டது.

வாசுகி அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாமியோட வேலை சாமிக்கே காணிக்கையா?"

"டத்தோவுக்கு சங்கடம் வரக்கூடாது பாருங்க. உங்க ரெண்டு பேருக்கும் பொன்னாடை போடறதா தீர்மானம்."

"எனக்குப் பொன்னாடை வேணாம்ணே. அறுநூத்து முப்பது பேருக்குப் போட்டோ அனுப்பினீங்கல்ல? அதே ஆளுங்க முன்னால ஒரு வரி சொல்லுங்க. செல்வா திருடலைன்னு. ஒரே ஒரு வரி."

"நிகழ்ச்சி நிரல் அச்சாயிடுச்சும்மா" என்றார் மதிவாணன், உண்மையான வருத்தத்தோடு.

வாசுகி அழைப்பிதழை மடித்தாள். பிறகு கேட்டாள். "மேடையில பெரிய திரை வைப்பீங்களா?"

"வைக்காம? டத்தோ வாழ்க்கை வரலாறு ஓடும். கனகராஜ்தான் போடறாரு."

"அப்ப கண்டிப்பா வரோம்ணே."

ஞாயிறு மாலை. ஆலயம் நிரம்பி வழிந்தது. மேடையில் பதின்மூன்று நாற்காலிகளும் கூட்டத்தைப் பார்த்து, திரைக்கு முதுகு காட்டி. தலைவர் சதாசிவம் எழுந்து நின்றார்.

"நம்ம ஆலயத்துல யாரும் எதையும் திருடலை. யாரும் எந்தத் தப்பும் செய்யலை. வேல் ஒரு வாரம் அருள் பாலிக்கப் போயிருந்தது. அவ்வளவுதான். அதே மாதிரி தம்பி செல்வாவுக்கும் ஒரு வாரம் நல்ல ஓய்வு கிடைச்சது."

அவருக்குப் பின்னால் திரையில் டத்தோவின் பள்ளிப் பருவப் படம் மறைந்தது. மேலிருந்து பார்த்த ஆலய வளாகம் வந்தது. ஓரத்தில் நேரம். ஆறு நாற்பது. ஒரு மனிதன் ஜெனரேட்டர் பக்கத்தில் துணியைப் பிரித்து ட்யூப் லைட்டை எடுத்தான். பிறகு மேடைக்குப் பின்புறம். மதிவாணன், போன், ரிப்பன். பச்சை எலுமிச்சம்பழம். தலைவரின் இரண்டு கைகள். டத்தோவின் இரண்டு கைகள். சிரிப்பு. கனகராஜ் அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டான்.

கூட்டம் சலசலத்தது. பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. அறுநூறு பேரும் இமைக்காமல் பார்த்தார்கள். இவ்வளவு கவனமான கூட்டத்தைத் தலைவர் தம் வாழ்நாளில் சந்தித்ததில்லை. தம் பேச்சுதான் காரணம் என்று நம்பி, ஆலய வரலாற்றை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இருபது நிமிடம் கழித்துத்தான் பொன்னாடை நேரம் வந்தது. வாசுகி மேடை ஏறினாள். செல்வா கீழேயே நின்றான், லோஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு. தலைவர் சால்வையை விரித்தபோது வாசுகி தலை குனியவில்லை. மைக்குக்கு நேராக நின்றாள்.

"நான் பேச வரலை. பேசினா நிகழ்ச்சி நிரல்ல இல்லைன்னு சொல்லுவீங்க" என்றாள். "கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க. போதும்."

பதின்மூன்று பேரும் திரும்பினார்கள்.

வாசுகி நின்று பார்க்கவில்லை. படி இறங்கி, செல்வாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவே வாசலை நோக்கி நடந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. ஆறாவது வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தாள், லோஷினியின் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் அம்மா. என்னவோ சொல்ல வாய் திறந்தாள். பிறகு தலை குனிந்தாள்.

மேடைத் திரையில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தலைவரின் இரண்டு கைகள். டத்தோவின் இரண்டு கைகள்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது நன்றியுரை. வாசிக்க யாரும் எழுந்திருக்கவில்லை.